பிலமோன் வீட்டுப் பந்தி

சென்ற பாஸ்கு காலத்தில் ஒருநாள் மாலை, வீடு மந்திரிப்பதற்காக மந்தைவெளியில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பக்தியுள்ள குடும்பம்; நாள்தோறும் செபமாலை சொல்லப்படும் வீடு. கூடத்தில் திரு இருதய ஆண்டவரின் படத்திற்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் முதல் பேரப்பிள்ளைகள் வரை அனைவரும் வந்து முழந்தாளிட்டனர். தீர்த்தம் தெளிக்குமுன், வழக்கம்போல், "எல்லாரும் வந்தாயிற்றா?" என்று கேட்டோம். "எல்லாரும் வந்துவிட்டோம் சாமி" என்றார் குடும்பத் தலைவர்.

அடுக்களைக் கதவோரமாக ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவரை நாம் நன்கு அறிவோம். ஞாயிறு காலை முதல் பூசைக்குத் தவறாது வருகிறவர்; அந்தக் குடும்பத்தினர் நற்கருணை வாங்கும் அதே பீடத்தின் முன் தாமும் நற்கருணை வாங்குகிறவர். பல ஆண்டுகளாக அந்த வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, சமையலுக்கும் உதவி வருகிறவர். "நீங்களும் முன்னால் வாருங்கள் அம்மா" என்றோம். "இருக்கட்டும் சாமி, இங்கேயே நிக்கிறேன்" என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

மந்திரித்து முடிந்ததும் காப்பி வந்தது. நமக்கும் வீட்டாருக்கும் பீங்கான் கோப்பைகளில் வந்தது. அந்த அம்மாளோ சன்னல் விளிம்பில் தனியே கவிழ்த்து வைத்திருந்த ஒரு தம்ளரை எடுத்துத் தாமே கழுவி, காப்பியை வாங்கிக்கொண்டு, பின்கட்டுப் படியில் அமர்ந்து குடித்தார். நாம் அதைக் கண்டோம், ஒன்றும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, நன்றி கூறி, அடுத்த வீட்டிற்குச் சென்றோம்.

இரவு பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது நம் சமையற்காரர் உணவு பரிமாறினார். நாம் உண்டு எழுந்த பின், பின்புறத் தாழ்வாரத்தில் ஆணியில் தொங்கிய தமது அலுமினியத் தட்டை எடுத்துச் சென்று தரையில் அமர்ந்தார். எட்டு ஆண்டுகளாக நாள்தோறும் நடக்கும் காட்சி இது. அன்றுதான் அதைக் கண்டோம். மந்தைவெளி வீட்டாரைப் பற்றி மனத்தில் எழுந்த கண்டனமெல்லாம் நம்மீதே திரும்பியது. அன்றிரவு விவிலியத்தைத் திறந்து, புனித சின்னப்பர், அதாவது பவுலடியார், பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தை மீண்டும் படித்தோம்.

சிறையிலிருந்து வந்த கடிதம்

இருபத்தைந்தே வசனங்கள் கொண்ட சிறு கடிதம் அது. பிலமோன் கொலோசை நகரத்துக் கிறிஸ்தவர், வசதி படைத்தவர், அவரது வீட்டில்தான் விசுவாசிகள் கூடிச் செபித்தனர். அவருடைய அடிமைகளுள் ஒருவன் ஒநேசிமு. அவன் தலைவரை விட்டுப் பிரிந்து, சிறையிலிருந்த சின்னப்பரிடம் வந்து சேர்ந்து, அவரால் கிறிஸ்தவனானான். தப்பி ஓடியவன் என்பது மரபுவழிச் செய்தி. உரோமைச் சட்டப்படி அடிமை என்பவன் தலைவனின் உடைமை. ஓடிப் பிடிபட்டவனை அடிக்கலாம். நெற்றியில் சூடு போடலாம்.

இத்தகைய ஒருவனைச் சின்னப்பர் அவனுடைய வீட்டிற்கே திருப்பி அனுப்புகிறார். ஆனால் எப்படி அனுப்புகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இவன் என் பிள்ளை, என் இதயமே இவன் என்கிறார். இனி இவனை அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். என்னை வரவேற்பதுபோல் இவனை வரவேற்பாயாக என்கிறார். இவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள் என்று தம் கைப்பட எழுதுகிறார். இத்தனையையும் எழுதிவிட்டு, நான் தங்குவதற்கு ஓர் அறையை ஆயத்தம் செய்து வை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதாவது, சொன்னபடி நடந்ததா என்று பார்க்க நேரிலேயே வருவேன் என்கிறார்.

கடிதத்தின் முகவரியையும் நாம் மறக்கலாகாது. அது பிலமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. அப்பியா என்ற சகோதரிக்கும், அர்க்கிப்புக்கும், அந்த வீட்டில் கூடும் சபை முழுவதற்குமே எழுதப்பட்டது. ஆகவே அது அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். வாசிக்கும்போது ஒநேசிமுவும் அங்கேதான் நின்றிருப்பான். பிலமோன் என்ன செய்யப்போகிறார் என்று மனைவி மக்களும், மற்ற அடிமைகளும், சக விசுவாசிகளும் அவர் முகத்தைப் பார்த்திருப்பர். அடுத்து அப்பம் பிட்கும் வேளை வரும். பந்தியில் ஒநேசிமுவுக்கு எந்த இடம் என்பதற்கு அன்றிரவே விடை சொல்லியாக வேண்டும்.

விவிலியம் ஏன் ஒரேயடியாகத் தடுக்கவில்லை?

"அடிமைத்தனம் பாவம் என்று விவிலியம் வெளிப்படையாகச் சொல்லவில்லையே? அடிமைகள் தலைவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறதே?" என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் கூற வேண்டும்.

பழைய ஏற்பாடு அடிமைமுறை நிலவிய உலகில் எழுந்தது. எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்று யாத்திராகமம் கட்டளையிடுகிறது. வெறுங்கையோடு அனுப்பலாகாது என்று உபாகமம் சேர்க்கிறது. ஆனால் அந்நிய இனத்தவரை நிலையான அடிமைகளாக வைத்துக்கொள்ள லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இடம் தருகிறது. இதை நாம் மறைக்கத் தேவையில்லை. மக்களின் மனக்கடினத்தைப் பொறுத்துக்கொண்டு, இறைவன் அவர்களைப் படிப்படியாக நடத்திச் சென்ற வரலாறு அது.

அந்தச் சட்டங்களுக்குள்ளேயே வேறொரு குரலும் ஒலிக்கிறது. பத்துக் கட்டளைகளைத் தரும்போது இறைவன் தம்மை அடிமை வீட்டிலிருந்து மக்களை மீட்டவர் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். ஆளைக் கடத்தி விற்பவனுக்கு யாத்திராகமம் மரண தண்டனை விதிக்கிறது. தப்பி வந்த அடிமையைத் தலைவனிடம் திருப்பிக் கொடுக்கலாகாது என்று உபாகமம் 23-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஓய்வு நாள் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று. அவனுடைய பணியாளனும் பணிப்பெண்ணும் அவனைப்போலவே இளைப்பாற வேண்டும் என்பது சட்டம். யோபுவோ, தாயின் வயிற்றில் தம்மை உருவாக்கியவரே தம் ஊழியனையும் உருவாக்கினார் என்று எண்ணி, அவனுடைய வழக்கைப் புறக்கணிக்க அஞ்சுகிறார்.

இந்தக் குரல் நம் ஆண்டவரிடம் முழுமை பெறுகிறது. மாடு முட்டி ஓர் அடிமை இறந்தால், அவனுடைய தலைவனுக்கு முப்பது வெள்ளிக்காசு ஈடு தரவேண்டும் என்பது மோயீசனின் சட்டம். நம் ஆண்டவர் அதே முப்பது காசுக்குக் காட்டிக்கொடுக்கப்பட்டார். விருந்தினரின் பாதங்களைக் கழுவுவது அடிமையின் வேலை; இறுதி இரவில் அதை அவர் தம் கைகளால் செய்தார். சிலுவையோ உரோமை அரசு அடிமைகளுக்கென்று சிறப்பாக ஒதுக்கியிருந்த கொலைக்கருவி. கிறிஸ்துவுக்கு முன் 71-ஆம் ஆண்டில், ஸ்பார்த்தக்குஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, ஏறத்தாழ ஆறாயிரம் பேர் நெடுஞ்சாலை ஓரமாகச் சிலுவைகளில் அறையப்பட்டனர். ஆண்டவர் அடிமையின் தன்மை பூண்டார் என்று சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதியது வெறும் உவமை அன்று.

ஆகவேதான் திருமுழுக்குப் பெற்றவர்களிடையே அடிமை என்றும் உரிமைக்குடிமகன் என்றும் வேறுபாடு இல்லை என்று அவரால் கலாத்தியருக்கு எழுத முடிந்தது. அரசை மாற்றும் ஆற்றல் அன்றைய சிறு மந்தைக்கு இல்லை. ஆனால் வீட்டை மாற்றும் ஆற்றல் இருந்தது. சின்னப்பர் அதையே கேட்டார்.

பந்தியில் தோன்றும் பாவம்

சமத்துவம் கோயிலில் பாடப்பட்டாலும், பந்தியில்தான் சோதிக்கப்படுகிறது. கொரிந்து நகரத்தில் வசதி உள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்தனர். ஏழைகள் பின்னால் வந்து பசியோடு நின்றனர். அப்படிப்பட்ட கூட்டத்தில் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று சின்னப்பர் கடிந்துகொண்டார். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தல் உடுத்தவனுக்குக் கால்மணை அருகில் தரையும் காட்டும் சபையைப் புனித யாகப்பர் கண்டித்தார்.

இதற்கு மாறான சான்றுகளும் திருச்சபையில் உண்டு. நாம் பூசையில் முதல் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது பெர்பெத்துவா, பெலிச்சித்தா என்ற இரு பெயர்கள் சேர்ந்தே வரும். முதலாமவர் உயர்குடிப் பெண், இரண்டாமவர் அடிமைப்பெண். 203-ஆம் ஆண்டில் கார்த்தேசு நகர அரங்கில் விலங்குகள் முன் தள்ளப்பட்டபோது, கீழே விழுந்த பெலிச்சித்தாவைப் பெர்பெத்துவா கைகொடுத்துத் தூக்கிவிட, இருவரும் அருகருகே நின்றனர் என்று அவர்களது மறைசாட்சிய வரலாறு கூறுகிறது.

நம் கரையில் நடந்தவை

ஆனால் இச்சான்றுகளைச் சொல்லி நாம் பெருமை கொள்வதற்குமுன் நம் வரலாற்றையும் பார்க்க வேண்டும். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டினர். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில் இக்கரையின் ஏழைத் தமிழர்கள் விலைக்கு வாங்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு, இன்றைய சகார்த்தாவாகிய படாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். வாங்கியவர்களும் கிறிஸ்தவர்களே. கோவாவிலிருந்த போர்த்துக்கீசியக் கத்தோலிக்கரின் வீடுகளிலும் அடிமைகள் நிறைந்திருந்தனர்.

திருச்சபையின் தலைமையும் இதில் தடுமாறியது. 1452-இல் பாப்பு ஐந்தாம் நிக்கொலாசு, பிற சமயத்தவரை அடிமைப்படுத்தும் உரிமையைப் போர்த்துக்கல் அரசருக்கு வழங்கினார். 1537-இல் பாப்பு மூன்றாம் சின்னப்பர், அமெரிக்கப் பழங்குடிகளும் பிற மக்களும் விசுவாசத்திற்கு வெளியே இருந்தாலும் அவர்களது சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்று அறிவித்தார். பாப்பு பதின்மூன்றாம் சிங்கராயர் பிரேசில் நாட்டு ஆயர்களுக்குத் திருமடல் எழுதி அடிமைமுறையைக் கண்டித்தது 1888-இல்தான். பிலமோனுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்து பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

நம் கிராமங்களில் வேறுவகை அடிமைத்தனம் இருந்தது. பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் நிலத்தோடு கட்டுண்டு வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் இன்று தலித்துகள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் மக்களின் முன்னோர். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்திய நீதிமன்றங்களில் அடிமை உரிமையைச் செல்லாததாக்கியது. ஆயினும் 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமன்கீர், அம்மக்களின் அவல நிலையை அரசுக்கு விரிவாக எழுத வேண்டியிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-இல். சட்டம் கதவைத் திறந்த பின்னும் வழக்கம் வாசலில் நின்று மறித்தது.

மயிலையும் வடக்கன்குளமும்

தமிழகத் திருச்சபைக்குள் அந்த வழக்கம் சாதி என்ற பெயரோடு நுழைந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி நம் மயிலாப்பூரில்தான் 1656 சனவரி 16 அன்று உயிர் துறந்தார். அவரது தவ வாழ்வையும் தமிழ்த் தொண்டையும் குறைத்துப் பேச நாம் துணியோம். ஆனால் உயர்சாதியினரிடையே மறைபரப்பும் பொருட்டு அவர் பூண்ட துறவி வாழ்வு, தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இடம் தரவில்லை. அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். தெ நொபிலியின் முறைக்கு 1623-இல் அனுமதி தந்த பாப்பு பதினைந்தாம் கிரகோரியாரும், உயர்குலத்தார் எளியோரை இகழலாகாது என்றும், இறைவார்த்தையையும் திருவருட்சாதனங்களையும் அவர்களோடு சேர்ந்தே பெற வேண்டும் என்றும் அதே மடலில் அறிவுறுத்தினார். அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. அறிவுரை ஏட்டிலேயே நின்றுவிட்டது.

1704-இல் புதுச்சேரியில் பாப்புவின் தூதர் தூர்னோன் ஓர் ஆணையை வெளியிட்டார். பறையர் குலத்து நோயாளிகளின் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு கிறிஸ்தவனின் குடிசைக்குள் குரு நுழையலாமா என்பது அன்று பல்லாண்டு வழக்காயிற்று. 1744-இல் பாப்பு பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கண்ட தீர்வும் அம்மக்களுக்கென்று தனிக் குருக்களை நியமிப்பதாகவே அமைந்தது.

அதற்கடுத்த ஆண்டில், 1745 மே 14 அன்று, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்றார். அவரே புனித தேவசகாயம். தாழ்த்தப்பட்டோருடன் சமமாகப் பழகியதும் அவர்மீது எழுந்த பகைக்கு ஒரு காரணம். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில் எப்படிக் கட்டப்பட்டது தெரியுமா? ஒரே பீடம், அதிலிருந்து காற்சட்டையின் இரு கால்கள்போல் பிரியும் இரு கூடங்கள், நடுவே தடுப்பு. ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடார்களும் பிறரும். ஒரே பூசையைக் கண்டனர். ஒருவரை ஒருவர் காணவில்லை. 1910-இல் பங்குக் குருவாக இருந்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு கௌசானல் அத்தடுப்பை அகற்றினார். தங்கள் தனியிடத்திற்கு உரிமை கோரி வேளாளக் கத்தோலிக்கர் ஆயர்மீதே வழக்குத் தொடுத்தனர். வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. கோயிலுக்குள் சாதிப் பிரிவினைக்கு அவர்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. சின்னப்பரின் கடிதம் தீர்த்திருக்க வேண்டிய வழக்கை நீதிமன்றம் தீர்க்க வேண்டி வந்தது நம் வெட்கம்.

வீட்டுக்குள் இருக்கும் தடுப்பு

"அதெல்லாம் பழங்கதை சாமி" என்று சிலர் சொல்லக்கூடும். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், சாதி அடிப்படையிலான வேற்றுமை உண்மையான மனித ஒற்றுமைக்கு முரணான அடையாளம் என்று எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே வேற்றுமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. பழங்கதைக்கு இத்தனை அண்மையில் யாரும் அறிக்கை எழுதுவதில்லை.

சென்னை நகரில் கோயிலுக்குள் தடுப்புச் சுவர் இல்லை. சாந்தோமிலும் இலசிலும் யார் எங்கே வேண்டுமானாலும் அமரலாம். அந்தத் தடுப்பு நம் வீடுகளுக்குள் குடிவந்துவிட்டது. மயிலாப்பூரின் பழைய வீட்டில் அது சன்னல் விளிம்புத் தம்ளராக இருக்கிறது. தியாகராய நகரின் கடைக்கட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளைக்கு உட்கார ஒரு முக்காலி தராத வழக்கமாக இருக்கிறது. அடையாற்றின் அடுக்குமாடியில் பணிப்பெண்கள் ஏறக்கூடாத மின்தூக்கியாக இருக்கிறது. மகளுக்கு வரன் தேடும்போது, "கத்தோலிக்கர்தான்; ஆனால் எந்த ஊர், எந்தத் தெரு?" என்று சுற்றிவளைத்துக் கேட்கும் கேள்வியாகவும் இருக்கிறது.

குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவது பெரிய தத்துவம் அன்று. உங்கள் வீட்டில் உழைக்கிறவருக்கு நியாயமான கூலியைக் குறித்த நாளில் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையை அவருக்கும் ஞாயிற்றுக்கிழமையாக விடுங்கள். ஓய்வு நாள் சட்டம் அவரைப் பெயர் சுட்டியே சொல்கிறது. அவர் பிள்ளைகளின் படிப்பை விசாரியுங்கள். உங்கள் பிள்ளைகள் அவரை "அத்தை" என்றோ "அக்கா" என்றோ, மரியாதையோடு அழைக்கட்டும். 1985-இல் பெல்ஜிய நாட்டு அருட்சகோதரி ழான் தெவோ தொடங்கிய தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கம், இவர்களும் உரிமையுள்ள தொழிலாளர்கள் என்று நாடெங்கும் கற்பித்து வருகிறது. அந்தச் சன்னல் விளிம்புத் தம்ளரை எடுத்து மற்றத் தம்ளர்களோடு அடுக்கி வையுங்கள்.

இதைச் சொல்லும் நாம் என்ன செய்தோம்? மறுநாள் இரவு சமையற்காரரை மேசையில் நம்மோடு அமரச் சொன்னோம். அவர் அஞ்சினார். "வேண்டாம் சாமி, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். வற்புறுத்திய பின் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, தலை நிமிராமல், ஐந்து நிமிடத்தில் உண்டு எழுந்துவிட்டார். எட்டு ஆண்டுகளாக நாம் பழக்கிய அச்சம் ஓர் இரவில் அகலுமா? ஒரு மாதம் சென்ற பின்பே அவர் நம்மிடம் குழம்பில் உப்பு குறைவு என்று தாமாகச் சொல்லி, எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்று நாம் மனத்திற்குள் இறைவனுக்கு நன்றி கூறினோம். அந்த அலுமினியத் தட்டு இப்போது ஆணியில் இல்லை.

மந்தைவெளிக் குடும்பத்தாரிடமும் பின்னர் தனியே பேசினோம். அன்று நாம் வாய்மூடி இருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசினோம். குடும்பத் தலைவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "யோசிக்கிறேன் சாமி" என்று மட்டும் சொன்னார். பிலமோன் என்ன பதில் எழுதினார் என்று விவிலியம் கூறவில்லை. ஆனால் அந்தக் கடிதம் கிழித்தெறியப்படாமல் காக்கப்பட்டு, நம் கைவரை வந்திருக்கிறது. அந்த வீட்டில் யாரோ அதை ஏற்றுக்கொண்டனர் என்று நம்ப அதுவே போதும்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அடுத்த பாஸ்கு காலத்தில் வீடு மந்திரிக்க மீண்டும் வருவோம். "எல்லாரும் வந்தாயிற்றா?" என்று மறுபடியும் கேட்போம். அடுக்களையில் இருப்பவரையும் அழைத்து, உங்கள் நடுவில் முழந்தாளிடச் செய்த பிறகு பதில் சொல்லுங்கள். காப்பியும் தாருங்கள், எல்லாருக்கும் ஒரே வகைத் தம்ளரில் தாருங்கள். அடிமையின் கோலம் பூண்டு நம் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.